பார்லர் மீது வழக்குப் போடலாம், ஆனால் முதலில் அந்த வாட்ஸ்அப் மெசேஜ்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். தங்கை கல்யாணத்துக்காகக் கெரட்டின் ட்ரீட்மென்ட் (முடியை நேராக்கிப் பளபளப்பாக்குவது) செய்ய நினைத்து, இரண்டு வாரம் இணையத்தில் தேடி, மூன்று பார்லர்களை ஒப்பிட்டு, 4.8 ஸ்டார் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர்களுடைய பக்கத்திலேயே 'ஃபார்மால்டிஹைட் துளியும் கிடையாது, எல்லா வகை முடிக்கும் பாதுகாப்பானது' என்று போட்டிருந்ததாம் (ஃபார்மால்டிஹைட் என்பது தோலைப் பாதிக்கக்கூடிய ஒரு ரசாயனம்). யூபிஐயில் 8,500 ரூபாய் கட்டினார். மறுநாள் உச்சந்தலையில் கொப்புளம், ஒரு வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கேட்கப் போனபோது உரிமையாளர் 'உங்க முடியே அப்படித்தான்' என்று எல்லார் முன்னாலும் பேசி அனுப்பிவிட்டார். கோபத்தில் இவர் ஒரு ஸ்டார் கொடுத்து, உரிமையாளரின் போட்டோவையும் போட்டு, 'போலி டிப்ளமா ஃபிராடு' என்று எழுதினார். நாலைந்து தோழிகளையும் ஒரு ஸ்டார் போடவைத்தார். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: ஏழு நாளில் ரிவ்யூவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், 10 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும். இதற்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி: 'அஞ்சு லட்சம் கொடுங்க, இல்லைன்னா இன்னும் பத்து இடத்துல எழுதி கடையை மூட வைக்கிறேன்னு நானும் வாட்ஸ்அப்ல சொல்லிட்டேன்.' பார்லர் மீதும், பொய் ரிவ்யூக்களை வைத்திருந்த தளத்தின் மீதும் வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

முடி போனதும் கல்யாணத்தில் தலையை மூடிக்கொண்டு நின்றதும் எவ்வளவு பெரிய வலி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் மூன்று பக்கம் எழுதியதில் எதிர்த்தரப்பு வக்கீல் படிக்கப்போவது கடைசியில் சொன்ன அந்த ஒரு வாட்ஸ்அப் வரியை மட்டும்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் தள்ள வேண்டியவற்றைத் தள்ளிவிடுவோம். 4.8 ஸ்டார் யாரோ கொடுத்தது, அது பார்லர் உங்களுக்குத் தந்த வாக்குறுதி ஆகாது. தளத்தின் மீது போனால், மற்றவர்கள் எழுதியதற்கு நாங்கள் இடைநிலையாளர்கள் மட்டுமே என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 79-ஐக் காட்டுவார்கள். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஒரு தரநிலை கொண்டுவந்தது உண்மைதான், ஆனால் அது கட்டாயம் கிடையாது. உரிமையாளர் பேசிய பேச்சையும் விடுங்கள், அதற்குத் தனியாகப் பணம் கிடைக்காது.

உங்கள் கையில் இருக்கும் உண்மையான வழக்கு, பார்லர் தன் பக்கத்தில் தானே எழுதியதுதான். ஃபார்மால்டிஹைட் இல்லை, எல்லாருக்கும் பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னார்கள், அதை நம்பிப் பணம் கொடுத்தீர்கள். இந்த மாதிரிப் பொருட்கள் சிலவற்றில் இருக்கும் ரசாயனங்கள் அயர்னிங் சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியே விடும், அதனால் பாட்டிலின் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் மறுத்ததும் உங்களுக்கு உதவும். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரி அங்கே இருக்காது. தோல் மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் சீட்டில் தேதியும், 'ரசாயனத்தால் ஏற்பட்ட பாதிப்பு' என்ற மாதிரி காரணமும் இருக்கிறதா பாருங்கள். போகவே இல்லையென்றால் நாளை காலை போங்கள். போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், நீங்கள் கட்டிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இனி அந்த மெசேஜ். பணம் கொடு, கொடுக்காவிட்டால் உன் பெயரைக் கெடுப்பேன் என்று சொன்னால் சட்டத்தில் அது மிரட்டிப் பணம் பறிக்கும் முயற்சியாகிவிடலாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 308-ல் ஒருவருக்குத் தீங்கு வரும் என்று பயமுறுத்துவது பற்றிச் சொல்லியிருக்கிறது, அந்தத் தீங்கில் பெயருக்கு வரும் கேடும் அடங்கும். பணம் கைமாற வேண்டும் என்றுகூட இல்லை, பறிப்பதற்காகப் பயமுறுத்தினாலே 308(3)-ன்படி இரண்டு வருடம் வரை தண்டனைக்கு வழி இருக்கிறது. அவதூறு என்றால் உரிமையாளர் தனிப்புகாராக மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும், போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. மிரட்டிப் பணம் கேட்டதற்கு முடியும். நீங்கள் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர், 8,500 கொடுத்து முடியை இழந்தவர் என்பதால் நீதிமன்றம் கடைசியில் உங்கள் பக்கம் பார்க்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஸ்டேஷன் வாசலில் எத்தனை நாள் உட்கார வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள். கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது, கேட்ட விதத்தில் எதிரிக்குப் பிடி கொடுத்துவிடுகிறார்கள். இனிமேல் பணமும் ரிவ்யூவும் உங்கள் வாயிலிருந்து ஒரே வாக்கியத்தில் வரவே கூடாது. அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்துகூட அனுப்பாதீர்கள், 'சாரி'கூட வேண்டாம்.

இரண்டாவது தோழிகள். அந்தப் பார்லருக்குள் கால்கூட வைக்காத நாலு பேர் ஒரு ஸ்டார் போட்டது நீங்கள் எந்தப் பொய் ரிவ்யூவைப் பற்றிப் புகார் சொல்கிறீர்களோ அதே வேலை. நல்லெண்ணத்தோடு எழுதினேன் என்ற வாதத்தை இந்த ஒன்றே உடைத்துவிடும், அவர்களுக்கும் தனித்தனியாக நோட்டீஸ் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு இன்று ராத்திரிக்குள் நீக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது உங்கள் ரிவ்யூ. கொப்புளம் வந்தது, முடி உதிர்ந்தது, கேட்டபோது உரிமையாளர் இன்னது சொன்னார் என்பதெல்லாம் நீங்கள் அனுபவித்தது, ஆதாரமும் காட்டலாம், அது இருக்கட்டும். 'போலி டிப்ளமா' என்பதற்கு என்ன ஆதாரம்? சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தேகம் ஆதாரம் ஆகாது. அதே சன்ஹிதாவில் அவதூறுக்கான பிரிவு 356-ல் உண்மை என்பது ஒரு விதிவிலக்குதான், ஆனால் கிரிமினல் வழக்கில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும், இரண்டையும் காட்டுகிற பாரம் உங்கள் தலையில். ஆகவே 'ஃபிராடு', 'போலி டிப்ளமா', போட்டோ மூன்றும் போகட்டும். முழு ரிவ்யூவையும் நீக்கத் தேவையில்லை, மன்னிப்பும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஏழு நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்தது கிடையாது, ஆனாலும் சும்மா இருக்காமல் ஒரு வக்கீல் மூலம் அடக்கமாகப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

நீங்கள் கேட்ட 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். டெல்லி ஐந்து நட்சத்திர ஹோட்டல் சலூனில் முடியைத் தப்பாக வெட்டியதற்கு 2 கோடி கொடுத்தார்கள் என்ற செய்தியைக் காட்டாத ஆளே இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி கொடுத்தது சரி. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, இவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியதை யாரும் காட்டுவதில்லை. உங்களுக்குக் காட்ட முடிகிறது கட்டிய 8,500, மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். மன உளைச்சலுக்கு ஆணையம் ஏதாவது சேர்க்கும், லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். அதிலும் அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனால் இன்னும் இழுக்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், செட்டில் செய்யுங்கள். உங்கள் வக்கீல் பேசட்டும், அல்லது மனு போட்டபின் ஆணையத்தின் மூலமே சமரசத்துக்குக் கேளுங்கள், அதுதான் எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. கட்டிய பணமும் சிகிச்சைச் செலவும் வந்து, அதற்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் அவர்கள் பெரும்பாலும் 'நான் எழுதிய ரிவ்யூ முழுவதும் பொய்' என்று ஒரு வரி நுழைப்பார்கள், அதில் கையெழுத்துப் போடாதீர்கள், நாளைக்கு அந்தத் தாளை வைத்தே உங்கள் மீது வழக்கு வரும். 'இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டதால் திருத்தப்பட்டது' என்று இருந்தால் போதும். அவர்களும் நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறார்கள், சிவில், கிரிமினல் எந்த வழக்கும் போட மாட்டார்கள், அந்த வாட்ஸ்அப் மெசேஜைப் பற்றியும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று பெயரோடு தேதியோடு எழுதி வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வந்தபிறகே ரிவ்யூவில் கை வையுங்கள், நான் உடனே எடுக்கச் சொன்ன அந்த இரண்டு வார்த்தையும் போட்டோவும் தவிர.