பழைய அச்சுப்படங்களில் இடிந்த கோட்டைகள் ஏன் இவ்வளவு அதிகம்?

'பிக்சரெஸ்க்' என்பது, ஓவியமாக்கத் தகுந்த கரடுமுரடான அழகை நிலக்காட்சியில் தேடும் ரசனை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவியது. 1770இல் வை ஆற்றில் படகில் சென்ற வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், கரையோரக் குட்ரிச் கோட்டையின் இடிபாட்டை அதற்கு உதாரணமாகக் காட்டினார். முழுச் சுவரில் வெளிச்சம் ஒரே சீராகப் படியும். 1646இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் முற்றுகையில் சிதைந்த இக்கோட்டைச் சுவரிலோ, பிளவுகளும் படர்ந்த ஐவிக் கொடியும் ஒளியையும் நிழலையும் துண்டு துண்டாக்கும். செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்சிடும் அக்வாடின்ட் முறைக்கு அந்த மங்கிய சாயல்கள் மிகவும் பொருந்தின. கோயில் கோபுரத்தைப் படமெடுக்கும்போது மின்கம்பி விழாதபடி நாம் நகர்ந்து நிற்பதுபோல, ஓவியர்களும் இடைஞ்சலானதை விலக்கினர். அதோடு நில்லாமல், இல்லாத மரத்தை முன்புறத்தில் சேர்க்கவும் செய்தனர் (கில்பினே இதை ஆதரித்தவர்). ஆகவே இத்தகைய படத்தைக் கோட்டையின் அச்சு அசலான பதிவு என்று கருதுவது தவறு. சுவரின் உயரத்தையோ சாளரங்களின் எண்ணிக்கையையோ அறிய, அளவெடுத்து வரைந்த கட்டட வரைபடத்தையே பார்க்க வேண்டும்.