தவழாத பிள்ளை: காலைப் பார்க்கும் முன் கிண்ணத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு மாதம் முடிந்துவிட்டது. ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவள், பிறந்தபோது 2.2 கிலோ. நன்றாக உட்காருகிறாள். உட்கார்ந்த வாக்கிலேயே தேய்த்துத் தேய்த்து அடுப்படி வரை வந்துவிடுகிறாள். ஆனால் தவழவில்லை, குப்புறப் போட்டால் அழுகிறாள். ஒன்பது மாதம் முடிந்தபோது அங்கன்வாடியில் 6.8 கிலோ, இப்போது 7.1. நடுவில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் கொடுக்கிறேன், அதோடு கஞ்சி, டீயில் நனைத்த பிஸ்கட். பக்கத்து வீட்டில் இதே மாதத்துப் பிள்ளை பிடித்துக்கொண்டு நடக்கிறது. நாத்தனார் வாக்கர் வாங்கி அனுப்பியிருக்கிறார். மாமியார் அதில் உட்கார வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா? (ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: வாக்கர் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம். உங்கள் மகள் தவழாததைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய 6.8, 7.1 என்ற இரண்டு எண்கள்தான் கவனிக்க வேண்டியவை.

முதலில் வயதைச் சரிசெய்வோம். ஐந்து வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த ஐந்து வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். ஆக, உங்கள் மகளுக்கு இப்போது பத்து மாதத்துக்குச் சில நாள் குறைவு. எடை, உயரம், உட்காருவது, நிற்பது எல்லாவற்றுக்கும் இரண்டு வயது வரை இந்தக் கழித்த கணக்குதான். தடுப்பூசிக்கு மட்டும் இது கிடையாது. பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் அப்போது கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டும் அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனித் தவழும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கெடுத்தது. அதன்படி கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4 மாதம். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே வீதியின் இரண்டு முனையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன.

உட்கார்ந்தே நகரும் பிள்ளைகள் ஒரு தனி ரகம். பெரும்பாலும் இவர்களுக்குக் குப்புறப் படுப்பது பிடிக்காது. அப்பாவோ, சித்தப்பாவோ, அத்தையோ சிறு வயதில் இப்படியே நகர்ந்திருக்கலாம். மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ரகத்துப் பிள்ளைகள் நடக்கக் கொஞ்சம் தாமதமாகும், சிலருக்கு ஒன்றரை வயதும் தாண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கி, மெதுவாகத் தரையை நோக்கி இறக்குங்கள். உட்கார்ந்து நகரும் பிள்ளை காலை ஊன்றாமல், இடுப்பை மடக்கி, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, காற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல் தொங்கும். கால்கள் இளக்கமாக இருக்கும்; டயப்பர் மாற்றும்போது தொடைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியும். இப்படி இருந்தால் பயம் இல்லை.

மாறாக, தூக்கும்போது கால்கள் விறைத்து ஒன்றன்மேல் ஒன்று கத்தரிக்கோல்போல் பின்னிக்கொண்டால், நகரும்போது ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் இழுபட்டால், ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், ஒரு தொடை சரியாக விரியாவிட்டால், உடம்பு துணிபோல் துவண்டால், முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டால் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். ஆனால் இந்த அறிகுறிகள் இருந்தால் அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருப்பது வீண். கூப்பிட்டால் திரும்பாதது, ‘பப்பா’, ‘தத்தா’ போன்ற மழலை எதுவும் வராதது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி அந்த எண்கள். கழித்த கணக்கில் எட்டு மாதத்திலிருந்து பத்து மாதம் வரை, நடுவாந்தரப் பெண் பிள்ளை 7.9 கிலோவிலிருந்து 8.5 கிலோவுக்குப் போகும். சிறுகூடாக வளரும் பிள்ளைகளும் இந்த இரண்டு மாதத்தில் 400, 500 கிராம் ஏறுவார்கள். உங்கள் மகள் ஏறியது 300. தாய்–சேய் அட்டையில் பெண் பிள்ளைகளுக்கான இளஞ்சிவப்பு வரைபடத்தில் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால், கோடு மேலே ஏறாமல் லேசாகப் படுத்திருப்பது தெரியும். அந்த வரைபடத்தில் பச்சைப் பகுதி சரியான எடை, மஞ்சள் பகுதி எடைக் குறைவு. ‘பச்சையிலதாம்மா இருக்கு’ என்று அங்கன்வாடியில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 7.1 கிலோ பச்சைக்குள்தான் வரும். ஆனால் பச்சைக்குள்ளேயே கோடு சாயலாம். மஞ்சளில் விழுந்தபிறகு ஏற்றுவதைவிட, சாயும்போதே நிமிர்த்துவது எளிது.

சாய்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கஞ்சியும் டீ பிஸ்கட்டும். ஒன்பது மாதத்துக்குமேல் தாய்ப்பால் தவிர்த்து உணவிலிருந்து மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 300 கலோரி போய்ச் சேர வேண்டும். தெளிவுக் கஞ்சியில் இருப்பது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பிள்ளையின் வயிறு சின்னது. கஞ்சி அதை நிரப்பிவிடும், எடை ஏற்றாது. டீ இன்னொரு கெடுதல் செய்கிறது: சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரும்புக் கையிருப்பு குறைவு, ஏனென்றால் தாயிடமிருந்து அது சேர்வதே கடைசி மூன்று மாதத்தில்தான். ரத்தசோகை வந்த பிள்ளை மந்தமாக இருக்கும், பசிக்காது, எழுந்து நிற்க ஆர்வம் காட்டாது. ‘கால் பலமில்லை’ என்று வீட்டில் சொல்வது சில நேரம் இதைத்தான். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்து (ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு) வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம். முந்திப் பிறந்தவள் என்பதையும் சொல்லுங்கள், அளவை எடை பார்த்து மாற்றுவார்கள். வைட்டமின் டி சொட்டு முதல் ஒரு வருஷம் தினம் 400 யூனிட். நம் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் கைக்குழந்தை வீட்டுக்குள் தொட்டிலில் கிடக்கிறது; தாய்ப்பாலிலும் டி குறைவு.

கிண்ணத்தில் என்ன இருக்க வேண்டும்? மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து, கையாலோ மத்தாலோ மசித்தது. மிக்சியில் கூழாக்க வேண்டாம், பத்து மாதத்துப் பிள்ளைக்குச் சின்னச் சின்னக் கட்டிகள் வேண்டும். பதம் பார்க்க ஒரு வழி: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, ஒட்டி நின்று மெதுவாக விழ வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுங்கள். அந்த 5 மில்லியிலேயே 40, 45 கலோரி இருக்கிறது. 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை. நடுவில் ஒரு முட்டையோ, மசித்த வாழைப்பழமோ, அங்கன்வாடி சத்துமாவைக் கெட்டியாகக் கிண்டியதோ. உப்பும் சர்க்கரையும் கருப்பட்டியும் ஒரு வயது வரை சேர்க்காதீர்கள், தேன் கூடவே கூடாது. பசும்பாலோ ஆட்டுப்பாலோ இப்போதைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

மீன் கொடுக்கலாமா என்று இந்தக் கடற்கரையில் கேட்பது விந்தை, ஆனால் பல வீடுகளில் ஒரு வயது வரை கொடுப்பதில்லை. ஆறு மாதத்துக்குமேல் தாராளமாகக் கொடுக்கலாம். குழம்புத் தண்ணீரைத் தொட்டு ஊட்டினால் மீன் ஊட்டியதாக ஆகாது, சதை போக வேண்டும். சூடையும் காரலும் வீட்டுக்கு நல்ல மீன்கள். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்க அவற்றில் முள் அதிகம். பாறை மீனோ விளைமீனோ ஒரு துண்டு, மிளகாய் போடாமல் மஞ்சள் மட்டும் போட்டு அவித்து, கறுத்த தட்டில் உதிர்த்துப் பரப்புங்கள். வெள்ளை முள் கறுப்பில் கண்ணுக்குத் தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சிட்டிகையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு தடவை தேய்த்துவிட்டு ஊட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி சதை போதும். அதோடு சேர்ந்து போகும் பருப்பின் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும். கருவாடு உப்பு, ஆகாது. பால் ஊறட்டும் என்று உங்களுக்குச் சுறாப்புட்டு செய்து தருவார்கள். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளைக்கு வேண்டாம், பால் கொடுக்கும் உங்களுக்கும் சின்ன மீன்தான் நல்லது.

இரண்டு தடவை வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். குடத்தில் விலைக்கு வாங்கும் தண்ணீரானாலும் பிள்ளைக்குத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றியது மட்டும். குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல் பிடியுள்ள அகப்பையால் எடுங்கள். மறுபடி வந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும், தம்ளர் தம்ளராகப் பிரிக்கக் கூடாது. நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: வீட்டுக் கிணற்று உவர்நீரில் கரைக்காதீர்கள். பாக்கெட்டில் இருக்கும் உப்பு நல்ல தண்ணீருக்கு அளந்தது. உவரில் கரைத்தால் உப்பு மிஞ்சி ஆபத்தாகும். ஒவ்வொரு தடவை போனதும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் வீதம் 14 நாளும் கொடுக்க வேண்டும், மூன்றாம் நாள் நின்றுவிட்டது என்று விடக் கூடாது. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். குணமானபின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால்தான் இழந்த எடை திரும்பும்.

வாக்கருக்கு வருவோம். அதில் பிள்ளை நுனிவிரலால் தரையை உதைத்து உருள்கிறது. தன் கால் தரையில் படுவதைப் பார்ப்பதில்லை, விழுந்து எழுவதையும் இடுப்பைத் தாங்குவதையும் பழகுவதில்லை. நடை தள்ளித்தான் போகும். ஆபத்து அதைவிடப் பெரிது: தேய்த்து நகரும் பிள்ளைக்கு எட்டாத கொதிக்கும் உலை வாக்கரில் நொடியில் எட்டும், வாசற்படியில் வண்டியோடு கவிழும். கனடா 2004-ல் வாக்கர் விற்பதையே தடை செய்துவிட்டது. நாத்தனார் ஆசையாக அனுப்பியதை மறுப்பது சங்கடம்தான். சக்கரத்தைக் கழற்றிப் பொம்மை வைக்கும் தட்டாக்கிவிடுங்கள்.

அதற்குப் பதிலாகத் தரையைக் கொடுங்கள். பகலில் தொட்டில் நேரத்தைக் குறைத்து, பளபளக்கும் டைல்ஸில் விடாமல் ஓலைப்பாயோ கோரைப்பாயோ விரித்து, வெறுங்காலோடு விடுங்கள். நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, அவளை உங்கள் தொடையின் குறுக்கே குப்புற வையுங்கள். முட்டி ஒரு பக்கம் பாயில் ஊன்றட்டும், கை மறுபக்கம். முன்னால் ஒரு கரண்டியையோ மூடியையோ தட்டுங்கள். அழுவதற்கு முன் எடுத்துவிடுங்கள், இரண்டு நிமிஷம் போதும். நாளுக்கு ஐந்தாறு தடவை. பிறகு ஒரு அடி உயரத்தில் அசையாத டிரங்குப் பெட்டியின்மேல் பிடித்தமான சாமானை வைத்து, உங்கள் மடியில் உட்கார்ந்திருப்பவளின் இடுப்பை மட்டும் பிடித்து எழும்ப விடுங்கள். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவதால் பலனில்லை, எழும்பும் வேலை அவள் தொடை செய்ய வேண்டியது.

தரையில் விடுமுன் தரையை ஒரு தடவை நீங்களே தவழ்ந்து பாருங்கள். வலை முடையும் வீடு என்றால் தூண்டில் முள், நைலான் துண்டு, சோழி எல்லாம் பாய்க்கடியில் கிடக்கும். எல்லாவற்றையும்விட வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டு. பிள்ளை வாயில் போட்டுச் சப்பினாலும், ஈயம் தொட்ட கையை நக்கினாலும் அது ரத்தத்தில் சேர்ந்து ரத்தசோகையையும் மூளை வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். வலை வேலை பார்த்தவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

அடுத்த எடை ஒரு மாதம் கழித்து, அதே தராசில், காலை நேரத்தில், டயப்பரும் கொலுசும் காப்பும் கழற்றியபின். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், இந்த வயதில் படுக்கவைத்து இரண்டு பேர் பிடித்துத்தான் அளக்க வேண்டும். எடை 7.3 கிலோவைத் தொட்டுவிட்டால் இதே வழியில் போங்கள். தொடாவிட்டால் அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். கழித்த கணக்கில் ஒரு வயதிலும் காலை ஊன்றி உடல் பாரத்தைத் தாங்காவிட்டாலும், ஒன்றரை வயதில் நடக்காவிட்டாலும், எடை சரியாக இருந்தால்கூடக் காட்டிவிடுங்கள்.