மருத்துவத் தகவல்தளத்துக்கு நம் கேள்வி புரியுமா?

கேள்வி: மருத்துவத் தகவல்தளங்களில் எதைத் தேடினாலும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே வருவதில்லை. 'அறிவுச் சித்திரிப்பு' இதைச் சரிசெய்யும் என்கிறார்களே, எப்படி?

பதில்: ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில் 'ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் யார் யார்?' என்று கேட்கிறீர்கள். உள்ளே இருப்பதோ வார்ஃபரின், அபிக்ஸபான் என்று வெறும் மருந்துப் பெயர்கள்தான். அவை எதற்கான மருந்து என்று எந்த டாக்டரும் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், அவருக்குத்தான் அது தெரியுமே! கணினிக்குத் தெரியாது, கையை விரித்துவிடும். இப்படி டாக்டரின் தலைக்குள் இருக்கும் அறிவை, இது இதன் வகை, இது இந்த உறுப்பில் வருவது, இது இதற்குக் கொடுப்பது என்று உறவுகளாகக் கோத்துக் கணினிக்குத் தருவதுதான் அறிவுச் சித்திரிப்பு. ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொல் தொகுப்பில் மட்டும் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன.

நீங்கள் ஏற்கெனவே இதைப் பயன்படுத்தியிருக்கவும் கூடும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் 'ஹார்ட் அட்டாக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், அது மாரடைப்பின் மருத்துவப் பெயரான 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற தலைப்பையும், அந்தத் தலைப்பின் கீழ் வரும் உள்வகைகளையும் தானாகவே சேர்த்துத் தேடும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் தொடங்கி இன்றுவரை புதுப்பித்துவரும் மெஷ் பட்டியல், அதாவது ஒரு கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட அதில் ஒட்டும் தலைப்புகளின் பட்டியல்தான், இதற்கு அடிப்படை.

சரி, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. ஆங்கிலத்தில் 'கோல்ட்' என்றால் சளியா, குளிரா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் சுருக்கப் பெயரா என்று கணினிதான் ஊகிக்க வேண்டும், ஊகம் தப்பினால் வருகிற முடிவெல்லாம் தப்பு. நோயாளிக் குறிப்புகளில் சிக்கல் இன்னும் பெரிது: 'நெஞ்சுவலி இல்லை', 'அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது' என்பதையெல்லாம் நோயாளியின் கணக்கில் சேர்த்துவிட்டால் விபரீதம்தான். அதனால், நம் கேள்வியை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டாத எந்தத் தேடுகருவியையும், அது எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும், மருத்துவ விஷயத்தில் நான் ஏற்க மாட்டேன்.

பப்மெட் அதைக் காட்டுகிறது. தேடி முடித்ததும் 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போய், உங்கள் தேடலுக்கு நேராக உள்ள 'டீடெயில்ஸ்' அம்புக்குறியை அழுத்துங்கள், நீங்கள் அடித்த சொல் எதுவாக மாறியது என்று முழுசாகத் தெரியும். தப்பாக இருந்தால் சரியான தலைப்பை மெஷ் பட்டியலில் நீங்களே தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அப்புறம், பப்மெட்டில் உள்ள சில கட்டுரைகளுக்குத் தலைப்பு ஒட்டியிருக்க மாட்டார்கள், அவற்றுக்காகச் சாதாரணச் சொற்களிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.