நீஸ் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பிறந்தது புதுச்சேரி, பிரான்சின் தெற்குக் கரையில் இருக்கும் நீஸில் குடியேறிப் பதினொரு வருடம் ஆகிறது. பரீட்சை முடிகிற சமயம் வந்தால் போதும், "அக்கா, உங்க ஊருக்கு வரலாம்னு இருக்கோம்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது என்பதால் இந்த முறை எல்லாக் கேள்வியையும் ஒரே இடத்தில் போடச் சொன்னேன்.

அக்கா, கையில் ஐந்து நாள்தான். நீஸ் இரண்டு இரவு, அப்புறம் கான், மொனாக்கோ, சான் த்ரோபே ஒவ்வொரு இரவு என்று ஹோட்டல் போட்டிருக்கிறேன். சரியா?

தம்பி, கேன்சல் செய்ய முடிந்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள். ஐந்து இரவும் நீஸிலேயே தங்கலாம். இந்தக் கரை முழுக்க ஒரு உள்ளூர் ரயில் ஓடுகிறது. கிழக்கே வில்ஃபிரான்ஷுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, மொனாக்கோ 25 நிமிடம், எலுமிச்சைக்குப் பேர்போன மாந்தோன் 40 நிமிடம், மேற்கே அந்தீப், கான் எல்லாம் அரை மணி முன்னே பின்னே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ரூம் மாறினால் பாதி நாள் ஹோட்டல் வரவேற்பறையிலேயே போய்விடும். சான் த்ரோபேயில் ரயில் நிலையமே கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஊருக்குப் போகிற சாலையில் மாட்டினால் கடலை அல்ல, முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தைத்தான் மணிக்கணக்காகப் பார்ப்பீர்கள். விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொனாக்கோ பக்கம் போகும்போது ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், கான் பக்கம் என்றால் இடது. கிழக்கே போகும் பாதை குகைப்பாதையாகவே இருக்கும். இருட்டு, திடீரென்று ஜன்னல் நிறைய நீலம், நாலு படகு, மொட்டை மாடியில் காயும் துணி, போனை எடுப்பதற்குள் மறுபடி இருட்டு. நான் இத்தனை வருடத்தில் ஒரு நல்ல போட்டோ எடுத்ததில்லை.

கடற்கரையில் மணலே இல்லையாமே? இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆமாம், நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். சாம்பல் நிறத்தில், முட்டை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை. முதல் வருடம் வெறுங்காலோடு இறங்கி, சூடு ஒரு பக்கம் வலி ஒரு பக்கம் என்று நொண்டிக்கொண்டே தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தேன், பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டி ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு ஜாலியாக நடந்து போனார். அந்த ஷூ இங்கே கடைகளில் கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். இன்னொரு விஷயம், இங்கே நாலு எட்டு வைத்ததும் ஆழம் சட்டென்று இறங்கிவிடும். அலை இல்லையே என்று நம்பிப் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

மணல்தான் வேண்டும் என்றால் வில்ஃபிரான்ஷ் போங்கள், ஸ்டேஷனை விட்டு இறங்கினாலே கடற்கரை, ஆழமும் மெல்லத்தான் கூடும். இல்லாவிட்டால் அந்தீப்பை ஒட்டிய ஜுவான் லே பான், அல்லது கான். சாய்வு நாற்காலியும் குடையும் போட்டிருக்கும் பகுதிகள் தனியார் நடத்துபவை, அங்கே உட்காரக் காசு. அவற்றுக்கு நடுவே இருக்கும் பொதுக் கடற்கரை இலவசம்.

நாங்கள் சுத்த சைவம். ரொட்டியும் ஜாமும்தானா கதி?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. பழைய நகரத்துக்குள் போய் "சொக்கா" கேளுங்கள். நம்மூரில் சொக்கா என்றால் சட்டை, இங்கே அது சாப்பாடு! கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவை அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று, மேலே மிளகுத்தூள் தூவி, சுரண்டிச் சுரண்டித் தட்டில் போட்டுத் தருவார்கள். சூடாக, கையாலேயே சாப்பிடவேண்டும். ஆறினால் அட்டை. முதல் வாய் வைத்ததும் என் அம்மா "அடைக்கு அரைக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டார், அப்புறம் இரண்டு தட்டு காலி செய்தார்.

பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பஜ்ஜியும் உண்டு, சுக்கினி என்கிற காயின் பூ. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: "சலாத் நிஸ்வாஸ்" என்றால் சாலட்தானே என்று வாங்கினால் அதில் நெத்திலி மாதிரி ஆஞ்சோவி மீனும் சூரை மீனும் இருக்கும். "பான் பாஞ்ஞா" என்ற உருண்டை ரொட்டிக்குள்ளும் அதே கதை, வெங்காயம் போட்ட "பிஸ்ஸலாதியேர்" மேலும் அதே மீன். "சான் வியாந்த், சான் புவாஸோன்", அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கூட்டி வரலாமா?

தாராளமாக. கடலோரத்தில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு "புரோமனாத் தெ சாங்லே", அதாவது ஆங்கிலேயர் உலாச் சாலை இருக்கிறது, ஒரே சமதளம், வழியெல்லாம் நீல நாற்காலி. கோட்டைக் குன்றுக்கு இலவச லிஃப்ட் உண்டு. மேலே கோட்டையைத் தேடாதீர்கள், 1706இலேயே பதினான்காம் லூயி இடிக்கச் சொல்லிவிட்டார், ஆனால் வளைகுடா முழுக்கத் தெரியும். தினம் பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து ஒரு வெடி போடுவார்கள், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நேரத்துக்கு மதியச் சாப்பாடு ஆகவேண்டும் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளப்பிவிட்ட வழக்கம் என்பார்கள். எஸ் என்ற மலைக்கிராமம் மட்டும் வேண்டாம், அழகுதான், ஆனால் முழுக்கப் படிக்கட்டு. பதிலாக மாந்தோன்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கரைந்திருக்கும். குளிக்கவேண்டாம், ஊர்தான் பார்க்கவேண்டும் என்றால் பிப்ரவரி. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், இந்த ஊர் வளர்ந்ததே குளிர்காலத்தால்தான். அந்த உலாச் சாலையே 1820களில், லண்டன் குளிருக்குப் பயந்து வந்த ஆங்கிலேயர்கள் காசு கொடுத்துப் போட்டது, பெயரும் அதனால்தான். யுனெஸ்கோ 2021இல் பட்டியலில் சேர்த்ததும் குளிர்கால ஓய்வு நகரம் என்றுதான். பிப்ரவரியில் நீஸில் கார்னிவல், ஊர்வல வண்டியிலிருந்து மஞ்சள் மிமோசாப் பூவைக் கூட்டத்தில் எறிவார்கள். மாந்தோனில் எலுமிச்சைத் திருவிழா, ஆரஞ்சையும் எலுமிச்சையையும் அடுக்கியே யானை, கோபுரம் எல்லாம் கட்டுவார்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம், கான் திரைப்பட விழா ரூம் வாடகையை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

விசா?

ஷெங்கன் விசா, அதாவது பிரான்சும் இத்தாலியும் சேர்ந்த பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு என்றால் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். மொனாக்கோவுக்குத் தனி விசா கிடையாது, ரயிலை விட்டு இறங்கினால் இன்னொரு நாடு. ஆனால் இத்தாலி எல்லைவரை போய்த் திரும்புவதாக இருந்தால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், மாந்தோனில் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது சகஜம்.

மான்டே கார்லோ சூதாட்ட விடுதிக்குள் போகலாமா?

பதினெட்டு வயது ஆகியிருந்தால் போகலாம். மொனாக்கோ குடிமக்கள்தான் ஆடக்கூடாது, அவர்கள் ஊர்ச் சட்டம் அது. கெட்டிக்காரர்கள்.

சுடிதாரோடு கடலில் இறங்கினால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

நான் இறங்கியிருக்கிறேன், கடலில் யாரும் கேட்டதில்லை. சிக்கல் நீச்சல் குளத்தில்தான். நகராட்சிக் குளங்களில் ஆண்கள் தொளதொள அரைக்கால் சட்டை போட்டால்கூட விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டிய நீச்சலுடைதான் வேண்டும். என் வீட்டுக்காரர் இந்த விதியால் குளத்தின் வாசலோடு திரும்பியவர், இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியாக ஒன்று அக்கா, அந்தக் கூழாங்கல் ரொம்ப அழகாக இருக்கிறது, ஞாபகத்துக்கு நாலு எடுத்துவரலாமா?

கூடாது. கடற்கரையிலிருந்து கல்லோ மணலோ எடுப்பது பிரான்சில் சட்டப்படித் தடை, அபராதமும் உண்டு. கூர் சலேயா சந்தையில் லாவண்டர் பொட்டலம் வாங்கி வந்து பீரோவில் வையுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்குப் பூவும் காயும் இல்லை, பழைய சாமான் கடைகள்தான்.