வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி: எந்த டிரெய்னர், எந்தச் செயலி?

உங்கள் சைக்கிளையே டிரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவியில்) பொருத்தி வீட்டில் பயிற்சி செய்ய எந்தச் செயலி ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். செயலிக்கு முன் கருவியைத் தீர்மானியுங்கள். பின்டயரை உருளையில் அழுத்தி இயங்கும் வகையின் விலை குறைவு என்றாலும் டயர் தேயும், இரைச்சலும் அதிகம். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரடியாக டிரெய்னரின் பல்சக்கரத்தில் மாட்டும் வகை, விலை கூடினாலும், அமைதியாக இயங்குவதோடு நீங்கள் செலுத்தும் ஆற்றலை வாட் கணக்கில் கூடுதல் துல்லியமாக அளக்கும் என்பதால், வாரம் மூன்று நாளாவது ஓட்டுவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் புளூடூத் வழியே செயலியே பெடலை மிதிக்கும்போது உணரும் எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்துக் கட்டுப்படுத்தும் வசதி அவசியம்.

தொடக்கத்திற்கு மைவூஷ் (MyWhoosh) என்ற செயலி போதும். அதற்குக் கட்டணம் இல்லை. பலரோடு சேர்ந்தும் போட்டியிட்டும் ஓட்ட விரும்பினால் ஸ்விஃப்ட், உண்மையான சாலைகளின் காணொளி வேண்டுமானால் ரூவி, திட்டமிட்ட பயிற்சி மட்டுமே நோக்கமானால் டிரெய்னர்ரோடு. இம்மூன்றுக்கும் சந்தா உண்டு.

முதலிரு வாரங்கள் இலகுவாக ஓட்டிப் பழகிய பின், 20 நிமிடம் இயன்றவரை சீரான முழு முயற்சியில் ஓட்டி, அப்போது செலுத்திய சராசரி ஆற்றலில் 95 சதவீதத்தைக் கணக்கிடுங்கள். சராசரி 200 வாட் என்றால் நீங்கள் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய ஆற்றலின் வரம்பு 190 வாட். பயிற்சிகளின் கடுமையைச் செயலி இந்த எண்ணைக் கொண்டே அமைக்கிறது. எதிர்க்காற்று இல்லாத அறையில் உடல் விரைவில் சூடேறிவிடுமாதலால், முதல் நாளிலிருந்தே பெரிய மின்விசிறி ஒன்றை முன்னால் வையுங்கள்.