வறண்ட மாதங்களை எண்ணுங்கள்: மழைக்காட்டு மரங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மழைக்காட்டில்தான் மழைக்குக் குறைவில்லையே, அங்குள்ள மரங்களுக்கு வறட்சி ஒரு பொருட்டா? (தென்காசி)

பதில்: பொருட்டுதான். மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா பூசந்தியின் இரு கரைகளுக்கும் இடையே 65 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் பசிபிக் பக்கம் ஆண்டுக்கு 1,800 மி.மீ. அளவிலும், கரீபியன் பக்கம் 3,000 மி.மீ.க்கு மேலும் மழை பெய்கிறது. வறண்ட காலமும் பசிபிக் பக்கமே நீள்கிறது. சூழலியலாளர் பெட்டினா எங்கல்பிரெக்ட் குழுவினர் அங்கே 48 வகை மரங்களின் நாற்றுகளுள் ஒரு பகுதிக்கு நீர் ஊற்றியும், மறுபகுதியை வறள விட்டும் எவ்வளவு பிழைக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். நீரின்றி விரைவில் மடிந்த வகைகளே, காட்டிலும் ஈரமான பக்கத்தில் மிகுந்தும் வறண்ட பக்கத்தில் அருகியும் இருந்தன. இந்த முடிவு 2007இல் வெளியானது.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை பெய்கிறது. வெடிப்பலா, நாங்கு போன்ற மழைக்காட்டு மரங்களை வளர்க்கலாம் அல்லவா? (தாம்பரம்)

பதில்: வளர்க்க இயலாது. ஆண்டு மொத்த மழையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும், வரும் கடிதங்களில் பாதி அந்த ஒற்றை எண்ணோடுதான் வருகின்றன. அடர்ந்த மழைக்காடு மாதத்திற்கு ஏறத்தாழ 100 மி.மீ. நீரை ஆவியாக வெளியிடுகிறது. மழை அதற்குக் கீழே குறையும் மாதங்களில் மரம் மண்ணிலுள்ள சேமிப்பைத்தான் குடிக்கிறது. சென்னைப் பகுதியில் ஜனவரி முதல் ஜூன் வரை சராசரி மழை எந்த மாதமும் அந்த அளவை எட்டுவதில்லை. ஆறு மாதம் சேமிப்பில் மட்டுமே வாழும் வேர் வெடிப்பலாவின் நாற்றுக்கு இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்கள். வடக்கே, மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரத்தில் ஆண்டுக்கு 5,500 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. தெற்கே, திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு மலையின் உச்சிப் பகுதிகளில் அதில் பாதியளவுதான். மழைக்கணக்கை மட்டும் பார்த்தால் வெடிப்பலா மகாபலேஸ்வரத்தில்தான் செழிக்க வேண்டும். ஆனால் அங்கே அது இல்லை. மலைத்தொடரின் தென்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. மகாபலேஸ்வரத்தின் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை அடித்துப் பெய்து ஓய்ந்து, ஏழு மாத அளவுக்கு வறட்சி நீடிக்கிறது. களக்காட்டிலோ இரு பருவமழைகளும் பெய்வதால் வறட்சி இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. மகாபலேஸ்வரத்தின் உயரம் குறைந்த காட்டில் மிகுந்திருப்பவை காயாவும் நாவலும். அதே காயாதான் சோழமண்டலக் கரையின் உலர்காடுகளிலும் நிற்கிறது. இரண்டு இடத்து மழைக்கும் நான்கு மடங்கு வேறுபாடு இருந்தும் மரம் ஒன்றாக இருப்பதன் பொருளை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமவெளியில் ஒரு நடவுப் பணிக்கு என்னை ஆலோசனைக்கு அழைத்தபோது இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். ஆண்டு மழை போதும் என்று முடிவெடுத்துச் சில நூறு மலைநாற்றுகளை ஆடியில் நட்டார்கள். அடுத்த வைகாசியில் நான் போனபோது குச்சிகளும் பெயர்ப் பலகைகளும்தான் நின்றன. அந்த நாற்றுகளின் தாய்மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பவையல்ல என்பதால் அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் மண்ணுக்கு வீரை, பாலை, காயா உண்டு, அவற்றை நடுங்கள்.

கேள்வி: வெள்ளைக்குங்கிலிய விதைகளை நன்றாகக் காயவைத்து ஆறு மாதம் டப்பாவில் வைத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஏன்? (நாகர்கோவில்)

பதில்: காயவைத்ததுதான் காரணம். அது நெல்லன்று, ஈரம் வற்றினால் கரு செத்துவிடும். பொறுக்கிய சில நாட்களுக்குள் விதைக்க வேண்டும்.

கேள்வி: நாற்று வாடுகிறது. என்ன செய்வது? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எந்த மரம், எந்த மாதம், நிழலா வெயிலா என்று எதுவும் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? பொதுவாக ஒன்று சொல்லலாம். நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பதறாதீர்கள், விடியற்காலையில் பாருங்கள். இரவு முழுவதும் வேர் உறிஞ்சியும் இலை நிமிரவில்லையென்றால் மண்ணில் நீர் தீர்ந்துவிட்டது. தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா என்றும் பாருங்கள். பச்சை இருக்கும்வரை மீட்கலாம்.

கேள்வி: மலைச்சரிவில் நீர் வழிந்தோடிவிடுவதால் வறட்சி தாங்கும் மரங்கள்தானே அங்கே இருக்கும்? (வால்பாறை)

பதில்: எல்லா இடத்திலும் அப்படியில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் நிலத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து மரங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அங்கே கோடையில் மேட்டுச் சமதளம் வறள்கிறது, சரிவில் ஈரம் நிற்கிறது. வறட்சி தாங்காத வகைகள் சரிவில்தான் கூடுதல். மார்ச்சில் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: வறட்சி தாங்கும் மரங்கள் ஈரக்காட்டையும் பிடித்துக்கொள்ளாதது ஏன்? (கண்டி)

பதில்: சில பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மற்றவற்றை மண் தடுக்கிறது. பனாமாவில் 550 வகை மரங்களை ஆராய்ந்தபோது எந்த வகை எங்கே வளர்கிறது என்பதற்குக் கோடை வறட்சியோடு மண்ணிலுள்ள பாஸ்பரஸ் சத்தும் முதன்மைக் காரணியாகத் தெரிந்தது.

கேள்வி: பெருமரங்களுக்கு வேர் ஆழம், வறட்சி அவற்றை ஒன்றும் செய்யாது என்பது சரியா? (கூடலூர்)

பதில்: தவறு. உயரம் கூடக் கூட நீரை மேலே இழுக்கும் விசையும் கூட வேண்டும். மண் வறண்டால், தண்டில் நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில் காற்றுக் குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். பிரேசிலின் கஷியுவானா காட்டில் ஒரு ஹெக்டேரில் நெகிழித் தகடுகளால் மழையில் பாதியளவைத் தடுத்துப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். அங்கே அதிகம் சாய்ந்தவை பெருமரங்களே.