மாயாவியை மறுபடி வாசித்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் முதல் கதைக்கு நீங்கள் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு, கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடி ஒரு மறுபதிப்பை வாங்கினேன். ஒரே இரவில் முடித்தேன், ஏமாற்றமே மிஞ்சியது. மூன்று பக்கத்துக்கு ஓர் ஆபத்து, ஒரு தப்பித்தல், மறுபடி ஆபத்து. ஆறாம் வகுப்பில் என்னைத் தூங்கவிடாத கதை இதுதானா? என் மகன் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பாராட்டியது புத்தகத்தையா, உங்கள் பள்ளிப் பருவத்தையா?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. பவானியில் ஒரு சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, என் முறை வருவதற்குள் எத்தனை பக்கம் முடியுமோ அத்தனை பக்கம் மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். அந்தப் பெஞ்சின் சாய்வு மதிப்புரையிலும் இருந்திருக்கலாம்.

ஆனால் உங்களைச் சலிப்படையச் செய்த அந்த ஓயாத ஆபத்துகளுக்கு ஒரு காரணம் உண்டு. கென் புல்மர் எழுதி ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த இக்கதை, 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாகத் தொடங்கிய தொடர். அடுத்த வாரமும் சிறுவர்கள் காசோடு கடைக்கு வர வேண்டுமென்றால், கடைசிக் கட்டத்தில் நாயகன் ஏதேனும் ஓர் இக்கட்டில் மாட்டியிருந்தாக வேண்டும். 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இதைத் தமிழில் வெளியிட்டபோது வாரங்களின் இடைவெளி மறைந்து எல்லாம் ஒரே புத்தகமாயிற்று. தவணை தவணையாக வர வேண்டிய திடுக்கிடல்களை நீங்கள் ஒரே இரவில் விழுங்கியிருக்கிறீர்கள். சிறுவயதில் இது நம்மை உறுத்தாததற்குக் காரணம், முடிதிருத்துபவர் கூப்பிட்டதும் புத்தகத்தை மூடி, அடுத்த முறை விட்ட இடத்தைத் தேடி, நாமும் துண்டு துண்டாகவே படித்தோம் என்பதுதான்.

உங்கள் மகனின் கேள்வி என் மதிப்புரையைவிடக் கூர்மையானது. மாயாவியாக மாறும் ஆய்வுக்கூட உதவியாளன் லூயி கிராண்டேல் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெறுகிறான். பின்னொரு விபத்தில் மின்சாரம் பாய, அந்தக் கை மட்டும் தெரிய உடல் மறைகிறது. அந்த வல்லமையைக் கொண்டு அவன் முதலில் செய்வது திருட்டு. 1938இல் வந்த சூப்பர்மேன் தொடக்கத்திலிருந்தே எளியவர்களின் காவலன். கிராண்டேலோ குற்றத்தின் வழியாகக் கதைக்குள் நுழைகிறான். 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' இதழில் அறிமுகமான ஸ்பைடர் என்ற காமிக்ஸ் நாயகனும் குற்ற உலகின் சக்கரவர்த்தியாக விரும்பியவன்தான். சூப்பர்மேனைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜெர்ரி சீகலே பின்னர் ஸ்பைடர் தொடருக்குக் கதை எழுத வந்தார். மாயாவி 'நிழல் படை' என்ற உளவு அமைப்பின் உளவாளியாகத் திருந்திய பிந்தைய கதைகளை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். நல்லவனானதும் அவன் பாதி சுவாரசியத்தை இழந்துவிட்டான்.

இப்போது வாசிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்துவது பிளாஸ்கோவின் கோடுகள். முகமே தெரியாத ஒருவனின் கோபத்தையும் அச்சத்தையும் எப்படி வரைவது? அவருக்குக் கிடைத்ததெல்லாம் அந்தரத்தில் மிதக்கும் ஓர் உலோகக் கை; விரல்கள் மடங்கும் விதத்திலும், அதைக் கண்டு மிரளும் எதிராளியின் கண்களிலும் அவர் அந்த முகத்தை வரைந்துவிடுகிறார். சிறுவயதில் பக்கத்தை வேகமாகத் திருப்பியதில் இதை நான் பார்க்கவேயில்லை. ஆகவே இந்தப் பாராட்டில் பள்ளிப் பருவத்துக்குப் பங்கில்லை என்றே நம்புகிறேன். (மறைவதற்கு மாயாவி பிளக்கில் விரல் வைக்க வேண்டும், எங்கள் தெருவின் மின்வெட்டு நாட்களில் அவன் வந்திருந்தால் விசைத்தறிக்காரர்களோடு சேர்ந்து திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பான்.)

மகனுக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் பக்கத்திலிருந்து வாரத்துக்கு மூன்று பக்கம் மட்டும் கொடுத்து, புத்தகத்தை அலமாரியில் பூட்டி வையுங்கள். இரண்டாம் வாரத்துக்குள் சாவியைத் தேடுகிறானா என்று எனக்கு எழுதுங்கள்.